ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர்

2 ஜூன் 2022

கத்திரி முடிந்தும் சத்துவாச்சாரியில் வெயில் இறங்கவில்லை. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஒரு மருந்து ஆய்வுக்கான பதினோரு பக்கத் தமிழ்ச் சம்மதப் படிவத்தை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் மே மாதம் எனக்குக் கொரோனா வந்தது. எங்கேயும் படுக்கை கிடைக்காமல் வீட்டிலேயே குப்புறப் படுத்துக் கிடந்தேன். பதினைந்தாம் நாள் நெகட்டிவ் வந்ததும் எல்லோரும் முடிந்தது என்றார்கள், எனக்கு முடியவில்லை. வீட்டு மாடிப்படி பதினெட்டு, அதை ஏறினால் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தும்போது வாக்கியம் முடிவதற்குள் மூச்சு வாங்குகிறது, மீதியைப் பிள்ளைகளே சொல்லி முடிக்கிறார்கள். ஒருநாள் கொஞ்சம் தெம்பாக இருக்கிறதே என்று வீட்டை ஒட்டடை அடித்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். எக்ஸ்ரே சரி, ஈசிஜி சரி. "டென்ஷனைக் குறைங்க டீச்சர்" என்றார் ஒரு டாக்டர். வீட்டிலும் அதையே நம்ப ஆரம்பித்துவிட்டார்கள், அதுதான் எனக்கு மூச்சிரைப்பைவிட வலித்தது.

இன்று வேறொரு ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றார்கள். நீள் கோவிட். தொற்று வந்து மூன்று மாதம் கழித்தும் தொந்தரவு இருக்க வேண்டும், அது இரண்டு மாதமாவது நீடிக்க வேண்டும், வேறு நோயால் வந்ததாக இருக்கக் கூடாது என்று 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனமே வரையறுத்திருக்கிறதாம். தொற்றை எதிர்க்க உடம்பு மூட்டிய அழற்சி முழுக்க அணையாமல் கனன்றுகொண்டிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார்கள். அதை அடக்கும் கொல்சிசின் மாத்திரை உதவுமா என்று பார்க்கும் ஆய்வுக்குத்தான் இந்தப் படிவம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும், டாக்டருக்கும் தெரியாது. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்.

அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இன்னாம்மா, உன்ன எலி மாதிரி வச்சுப் பாக்கப் போறாங்களா?" என்று கத்தினார். எலியிடம் பதினோரு பக்கம் படிக்கக் கொடுத்து, சம்மதமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்க மாட்டார்கள் அண்ணா என்றேன்.

9 ஜூன் 2022

கையெழுத்துப் போட்டாயிற்று. அழற்சி எவ்வளவு என்று காட்டும் சிஆர்பி அளவு பார்க்க ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். 61 கிலோ. எழுபதுக்குக் கீழே என்பதால் தினம் 0.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, எழுபதும் அதற்கு மேலும் என்றால் இரண்டு. 26 வாரம் சாப்பிட வேண்டும், 52 வாரம் வரை கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அப்புறம் நடைச் சோதனை. ஆஸ்பத்திரியின் பின்பக்கத் தாழ்வாரத்தில் முப்பது மீட்டருக்கு இந்த முனையில் ஒரு ஆரஞ்சு கூம்பு, அந்த முனையில் ஒன்று, நடுவில் மூன்று மீட்டருக்கு ஒரு கலர் டேப். ஆறு நிமிடம் என் வேகத்தில் நடக்க வேண்டும், ஓடக் கூடாது, முடியாவிட்டால் சுவரில் சாய்ந்து நிற்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. நர்ஸ் ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் பேசினார். "நல்லா போறீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு." "நல்லா போறீங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு." எல்லோருக்கும் இதே வார்த்தை, இதே குரல்தானாம், ஒருவரைக் கூடுதலாக உற்சாகப்படுத்தினால் கணக்கு கெட்டுவிடுமாம். நாலாவது நிமிடத்தில் சுவரைப் பிடித்து நின்றேன், நெஞ்சு அடித்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர். மறுபடி நடந்தேன். முடிந்ததும் மூச்சிரைப்புக்குப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார், ஆறு என்றேன்.

372 மீட்டர்.

அந்த எண்ணை அவர் பேனாவால் எழுதியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷமாக நான் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

26 ஜூன் 2022

முதல் வாரம் மூன்று நாள் வயிற்றுப்போக்கு. கொல்சிசினுக்கு இது தெரிந்த பக்கவிளைவு என்பதால் அப்போ எனக்கு மருந்துதான் வந்திருக்கிறது என்று மனசு ஓடியது, ஆனால் அந்த வாரம் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் போனது, தண்ணீர்கூடக் காரணமாக இருக்கலாம். குறிப்பு அட்டையில் எழுதி வைத்தேன். ஊகிக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

அணைக்கட்டுப் பக்கம் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். மாத்திரை பெயரைக் கேட்டதும், கால் கட்டைவிரல் வீங்கினால் எனக்குக் கொடுப்பார்களே அதுவா என்றார். அதேதான், கௌட் வாதத்துக்குக் காலங்காலமாகக் கொடுக்கும் மருந்து. வீங்கிய இடத்துக்கு ஓடும் வெள்ளையணுக்களுக்குள் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன, அவற்றைக் கட்டவிடாமல் செய்து அணுக்களின் ஓட்டத்தைத் தடுக்கிறது. நம்ம செங்காந்தள் விதையிலும் கிழங்கிலும் இது இருக்கிறது என்றேன். அப்பா உடனே பயந்துபோய், "அந்தக் கெழங்கத் தின்னா ஆளே போயிடும்மா" என்றார். அவர் சொன்னது உண்மை. அளவு தாண்டினால் விஷம், அதனால்தான் அரை மில்லிகிராமுக்கு இத்தனை கணக்கு.

21 ஆகஸ்ட் 2022

தொண்டை வலி. தெருமுனை கிளினிக்கில் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் காசு கொடுக்கும் நேரத்தில் பர்ஸில் இருந்த ஆய்வு அட்டை கண்ணில் பட்டது, வாசலில் நின்றபடியே அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மாத்திரை பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். கிளாரித்ரோமைசின். "அது வேணாம் மேடம், வாங்காதீங்க, உங்களுக்கு வந்தது எதுன்னு எங்களுக்கும் தெரியாது, கொல்சிசினா இருந்தா ரத்தத்துல அளவு ஏறிடும்" என்றார் அந்தப் பெண். கிளினிக்குக்குத் திரும்பிப் போய் வேறு எழுதி வாங்கினேன். கௌட்டுக்கு இதைச் சாப்பிடும் பெரியவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர், அவர்கள் பர்ஸில் அட்டையா இருக்கிறது?

8 டிசம்பர் 2022

26 வாரம் முடிந்தது. நேற்று முன்தினம் தீபம், வாசலில் இருபத்தொரு அகல் ஏற்றினேன், நடுவில் உட்காரவில்லை. புயல் வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு, மழைக்கு முன்னால் போய்வந்துவிட்டேன். மிச்சமிருந்த ஒன்பது மாத்திரையையும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். 418 மீட்டர், நிற்கவில்லை.

மருந்தா, நாளா? தெரியாது. டாக்டரிடம் ஒன்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகள் பதினோராயிரம் பேருக்கு மேல் வைத்து பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் இதே மருந்தைப் பார்த்துப் பயனில்லை என்று 2021லேயே சொல்லிவிட்டார்களே, பின் ஏன் மறுபடி? அது தொற்று உச்சத்தில் இருக்கும்போது கேட்ட கேள்வி, மாதக்கணக்கில் தங்கிவிட்ட அழற்சிக்கு அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்றார். சரி என்று பட்டது.

8 ஜூன் 2023

கடைசி நடை. 436.

19 நவம்பர் 2025

முடிவு வந்துவிட்டது. 346 பேர். ஓராண்டு முடிவில் ஆறு நிமிட நடைத் தூரத்தில் கொல்சிசின் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. பயன் தரவில்லை. இரண்டு தடவை படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏமாற்றம்தான். என் 64 மீட்டர் எதனால் வந்தது என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டதற்கு வருத்தமில்லை.

காரணம், இன்று மதியமே அது பயன்பட்டது. எங்கள் பள்ளியில் ஒரு சாருக்கு நாலு வருஷமாகியும் இதே தொந்தரவு. யாரோ சொன்னார்கள் என்று கொல்சிசின் மாத்திரை அட்டை ஒன்றை வாங்கி வைத்திருந்தார். வேண்டாம் சார், 346 பேரிடம் பார்த்தாயிற்று, இது உதவவில்லை, வீணாக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீங்க என்றேன். "அப்ப என்னதான் டீச்சர் பண்றது, யாரும் நம்ப மாட்டேன்றாங்க" என்றார். நாளைக்கே நல்ல டாக்டரைப் பாருங்க, போகும்போது கையில் ஒரு எண்ணோடு போங்க என்றேன்.

பள்ளி விட்டதும் வராண்டாவை டேப் வைத்து அளந்தோம், இருபது மீட்டர் வந்தது. சாக்பீஸால் இரண்டு பக்கமும் கோடு போட்டு, தூணோரம் ஒரு நாற்காலியும் போட்டேன், முடியலன்னா உட்காருங்க சார் என்று. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தார். நான் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு, அந்த நர்ஸ் சொன்ன அதே குரலில் சொன்னேன்.

"நல்லா போறீங்க சார், இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."