படகு கட்ட ஓர் இடம், பெட்டி காலி செய்ய ஓர் இடம்

நீளம் 57 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம். நானும் மனைவியும் இரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கும் வீட்டின் அளவு இதுதான். இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் பல லாக்குகள், அதாவது தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குக் கொண்டுபோகும் கதவு போட்ட அறைகள், 7 அடி அகலத்தில் கட்டப்பட்டவை. அதற்குள் நுழைய வேண்டும் என்பதால் எங்கள் வீடான நேரோபோட், அதாவது குறுகலான கால்வாய்ப் படகு, ஒல்லியாகவே பிறக்கிறது. வீடியோ காலில் சுற்றிக் காட்டியபோது அம்மா, "ரயில் பெட்டியில நடக்கிற வழியில குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு" என்றார். இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

படகு வாங்குவதற்கு முன்பே மூரிங் தேடிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். மூரிங் என்றால் படகை நிரந்தரமாகக் கட்டிவைக்கும் இடம். என் வேலை மில்டன் கீன்ஸில், வாரம் இரண்டு நாள் அலுவலகம். அந்த ஊரைச் சுற்றிக்கொண்டு போவது கிராண்ட் யூனியன் கால்வாய். ஆகவே அதன் கரையிலுள்ள மெரினாக்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டேன். முதல் கேள்வி படகின் நீளம், ஏனென்றால் வாடகை நீளக் கணக்கில். இரண்டாவது கேள்வி, "அதிலேயே குடியிருக்கப் போகிறீர்களா?" ஆமாம் என்றதும் மறுமுனையில் ஒரு சின்ன மௌனம். குடியிருப்பதற்கான மூரிங்குக்கு உள்ளூர் கவுன்சிலின் திட்ட அனுமதி வேண்டும். அது உள்ள இடங்கள் குறைவு, காத்திருப்போர் பட்டியல் நீளம். மற்றவை எல்லாம் ஓய்வு நேரப் படகுகளுக்கானவை. ஓரிடத்தில், "வார இறுதிக்கு மட்டும் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இருந்துகொள்ளுங்களேன்" என்று தணிந்த குரலில் யோசனை சொன்னார்கள். வருடம் முழுக்க ஒளிந்து வாழ மனம் வரவில்லை. கால்வாயோரமாக ஒரு விவசாயி வைத்திருந்த இடத்தையும் போய்ப் பார்த்தோம். புல்வெளி அருமை, மாடுகள் அருமை. குழாய் இல்லை, மின்சாரம் இல்லை, கார் நிறுத்த அரை மைல்.

சரி, மூரிங்கே வேண்டாம் என்று முடிவு செய்தோம். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டப்படி, நிலையான மூரிங் இல்லாத படகு உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும், ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. இப்படி வாழ்பவர்களைக் கன்டின்யுவஸ் குரூசர் என்பார்கள். 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பகுதியை, சுமார் 2,000 மைல், நிர்வகிப்பது கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட். உரிமம் தருவதும் அவர்கள்தான். அதற்குக் காப்பீடு வேண்டும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து மூரிங் இல்லாதவர்களுக்கு உரிமக் கட்டணத்தில் 5% கூடுதல். ஆண்டுதோறும் ஏறி 2028-இல் 25% ஆகும் என்று அறிவித்திருக்கிறார்கள். மெரினா வாடகையோடு ஒப்பிட்டால் அப்போதும் மலிவுதான், ஆனால் "சும்மா கிடைக்கும் வாழ்க்கை" என்று நினைத்து யாரும் இறங்க வேண்டாம்.

14 நாளுக்கு ஒருமுறை நூறு அடி தள்ளிக் கட்டினால் போதுமா என்று எல்லோரையும் போல நானும் யோசித்தேன். போதாது. போவதும் வருவதுமாக ஒரே தெருமுனையில் ஆடிக்கொண்டிருப்பது பயணமாகாது. ஓர் உரிம காலத்தில் நீங்கள் சென்ற வட்டாரம் 20 மைலுக்குக் குறைந்தால் அவர்களுக்குத் திருப்தி வருவது கடினம் என்று டிரஸ்டே சொல்கிறது. கரைப்பாதையில் டிரஸ்ட் ஆள் ஒருவர் வந்து படகு எண்களைக் குறித்துக்கொண்டு போவார். எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம், லண்டன் யூஸ்டனிலிருந்து வடக்கே போகும் ரயில் பாதையும் இந்தக் கால்வாயும் பல மைல்கள் அண்ணன் தம்பி போல அருகருகே ஓடுகின்றன. பெர்காம்ஸ்டெட், டிரிங், லெய்டன் பசார்ட், பிளெட்ச்லி, வுல்வர்டன் என்று படகு எங்கே இருந்தாலும் அலுவலகத்துக்கு ரயில் கிடைக்கும்.

கிளம்பிய முதல் மாதம் நாங்கள் செய்த தவறு, அழகான இடமாகப் பார்த்துக் கட்டியது. வளைவில் வில்லோ மரம், எதிரே ஆட்டு மந்தை, தூரத்தில் தேவாலயக் கோபுரம். நாலாம் நாள் கழிப்பறைப் பெட்டி நிறைந்துவிட்டது.

இதைச் சொல்லாமல் படகு வாழ்க்கையைச் சொல்ல முடியாது. எங்களுடையது கேசட் கழிப்பறை. இருக்கைக்குக் கீழே சுமார் 20 லிட்டர் பெட்டி, நிறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். அதைத் தூக்கிக்கொண்டு எல்சான் என்னும் இடத்துக்குப் போய்க் கொட்டி அலச வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு பெட்டி மூன்று, நான்கு நாள் வரும். அன்று எங்களிடம் ஒரே பெட்டி. அருகிலிருந்த எல்சான் மூன்று மைலுக்கு அப்பால், நடுவே ஐந்து லாக். மனைவி என்னைப் பார்த்தார், நான் ஆட்டு மந்தையைப் பார்த்தேன். கடைசியில் பெட்டியைச் சக்கரத் தள்ளுவண்டியில் கட்டி, மேலே போர்வை போர்த்தி, நாய் நடத்த வந்தவர்களுக்கெல்லாம் "குட் மார்னிங்" சொல்லிக்கொண்டே மூன்று மைல் நடந்தேன். மறுநாளே இன்னும் இரண்டு பெட்டிகளுக்கு ஆர்டர் போட்டோம்.

மலத்தையும் சிறுநீரையும் பிரித்துச் சேர்க்கும் கழிப்பறைக்கு மாறலாமா என்றும் பார்த்தோம். அந்தக் கழிவைப் பையில் கட்டி டிரஸ்டின் குப்பைத் தொட்டிகளில் போடுவதை 2021 முடிவிலிருந்து அனுமதிப்பதில்லை. சொந்தமாக மக்கவைக்கத் தோட்டம் வேண்டும். தோட்டம் இருந்தால் நாங்கள் ஏன் படகில் இருக்கிறோம்?

பெட்டியோடு நடந்த அந்த நாளில், எல்சான் இருக்கும் இடத்தில் ஒரு முதியவர் குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகக் கால்வாயில் இருப்பவர். என் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, நீ வரைபடத்தைத் தலைகீழாகப் படிக்கிறாய் என்றார். முதலில் தண்ணீர்க் குழாய், எல்சான், குப்பை மூன்றையும் குறி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை மணி நேரப் பயணம் என்று எழுது. கட்டும் இடம் அந்த இரண்டுக்கும் இடையில் எங்காவது தானே கிடைக்கும். அன்று மாலை மேஜையில் உட்கார்ந்து அப்படியே செய்தோம். இன்றும் அந்த நோட்டுதான் எங்கள் பஞ்சாங்கம்.

இந்த வசதிகளைத் திறக்க வாட்டர்மேட் சாவி என்று ஒன்று உண்டு. நாடு முழுக்க ஒரே சாவி. சாவிக்கொத்தில் மிதக்கும் கார்க் உருண்டை ஒன்றையும் கட்டிவிடுங்கள். எங்கள் முதல் சாவி லெய்டன் பசார்ட்டில், கால்வாயோர டெஸ்கோ கடைக்கு முன்னால், பால் பாட்டிலோடு படகில் ஏறும்போது தண்ணீருக்குள் போனது. தண்ணீர்க் குழாய்க்கு ஹோஸ் பைப் நாம்தான் கொண்டுபோக வேண்டும். குழாய்களில் திருகு ஒரே மாதிரி இருக்காது, ஆகவே இணைப்பான்கள் இரண்டு மூன்று தேவை. எங்கள் தொட்டி நிறைய, அழுத்தம் குறைந்த குழாயில் ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரம் வீணல்ல. எந்த லாக் பழுது, எந்தக் கரை சேறு, டீசல் எங்கே மலிவு என்பதெல்லாம் குழாயடியில்தான் தெரியவரும். நம் ஊர் குழாயடிக்கும் இதற்கும் குடம் ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் அங்கேயே படகைக் கட்டிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. தண்ணீர் பிடிக்கும் நீர்முனை, லாக் வாசல், படகு திரும்புவதற்காகக் கால்வாயை அகலப்படுத்திய இடம், இந்த மூன்றிலும் கட்டுவது பெரும் குற்றம். விதியைவிட மற்ற படகோட்டிகளின் பார்வை சுடும்.

படகு திரும்பும் இடத்தை விண்டிங் ஹோல் என்பார்கள். 57 அடிப் படகு, பல இடங்களில் 30, 40 அடி அகலக் கால்வாய். நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. ஒரு டிசம்பரில் தண்ணீர் தீரும் நிலையில் ஒரு நீர்முனைக்குப் போனால், குழாய் பனியில் உறைந்து வெடித்துக் கிடந்தது. பின்னால் இருந்த குழாய் ஒரு மைல்தான், ஆனால் திரும்ப வேண்டுமானால் முன்னால் இரண்டு மைல் போய்த் திரும்பி வரவேண்டும். நேரோபோட்டுக்குப் பின்னோக்கிப் போகும்போது திசை சொன்னபடி கேட்காது. வேறு வழியில்லாமல் முன்னால் போனோம். ஒரு மைல் தூரத்துக்காகக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். கால்வாயில் உச்ச வேகம் மணிக்கு 4 மைல், கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதிலும் பாதி. அன்றிலிருந்து தொட்டி பாதிக்கு வந்ததுமே குழாயைத் தேடுகிறோம்.

இனி கட்டும் கலை. கரைப்பாதை இருக்கும் பக்கத்தில், தடைப் பலகை இல்லாத இடத்தில், 14 நாள் வரை கட்டலாம். எதிர்ப்பக்கம் பெரும்பாலும் தனியார் நிலம், அங்கே போக வேண்டாம். ஊர்களுக்கு அருகே வருகையாளர் மூரிங்குகளில் 24 மணி, 48 மணி, 7 நாள் என்று பலகை சொல்லும். வளையம் பதித்திருந்தால் கயிற்றைக் கோத்துவிட்டால் போதும். கரையில் மடிப்பு மடிப்பான இரும்புத் தகடு அடித்திருந்தால் அதன் இடுக்கில் கொக்கி மாட்டலாம், நான் மிகவும் விரும்புவது இதுதான். இரண்டும் இல்லாவிட்டால் முளைதான். மாடு கட்ட முளை அடிப்பது போலவே சம்மட்டியால் அடிக்க வேண்டியது. கரையோரம் ஆழமில்லாத இடத்தில் படகு ஓரடி தள்ளியே நின்றுவிடும், இறங்கப் பலகை போட வேண்டிவரும்.

ஒரு மார்ச் மாதம், மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, மாலை ரயிலில் இறங்கி வந்து பார்த்தால் படகின் முனை நான் கட்டிய இடத்தில் இல்லை. மண் இளகியிருக்கிறது, யாரோ வேகமாகப் போயிருக்கிறார்கள், முன் முளை பிடுங்கிக்கொண்டு படகு கால்வாய்க்குக் குறுக்கே போயிருக்கிறது. பின்னால் வந்த வேறு யாரோ அதை இழுத்து, தங்கள் சொந்த முளைகள் இரண்டைக் குறுக்காக ஒன்றன் கழுத்தில் ஒன்றாக அடித்து, கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். சீட்டு இல்லை, பெயர் இல்லை. அப்படிக் குறுக்காக அடிக்க வேண்டும் என்பதையே அன்றுதான் கற்றேன். முனையில் பச்சை பெயின்ட் அடித்த அந்த இரண்டு முளைகளும் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. பச்சை முளை வைத்திருக்கும் படகைப் பார்த்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டே போகிறோம்.

குளிர்காலம் தனிக் கணக்கு. நவம்பர் முதல் மார்ச் வரை லாக்குகளைப் பூட்டிப் பழுது பார்ப்பார்கள். எந்தத் தேதியில் எந்த லாக் மூடல் என்ற பட்டியலை முன்கூட்டியே பார்க்காவிட்டால், எல்சான் இல்லாத கால்வாய்த் துண்டில் மாட்டிக்கொள்வோம். ஓரிடத்திலேயே இருக்க விரும்புவோருக்குக் கட்டணத்தில் குளிர்கால மூரிங் உண்டு. நாங்கள் முதல் குளிரில் வாங்கினோம், இரண்டாவதில் வாங்கவில்லை. நிலக்கரி, கேஸ், டீசல் மூன்றையும் எரிபொருள் படகு கரைக்கே கொண்டுவந்து தரும். டீசல் வாங்கும்போது எவ்வளவு ஓட்டுவதற்கு, எவ்வளவு வீட்டுச் சூட்டுக்கு என்று சொல்ல வேண்டும், வரி வேறு. 60-க்கு 40 என்பது வழக்கம்.

முகவரி இல்லாதது பெரிய தலைவலி என்று பயமுறுத்தினார்கள். மருத்துவரிடம் பதிய முகவரிச் சான்று தேவையில்லை என்பது அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். வழிகாட்டல், அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். வாக்காளர் பட்டியலில் உள்ளூர்த் தொடர்பு உறுதிமொழி கொடுத்துச் சேரலாம். கடிதங்கள் நண்பர் வீட்டுக்கு வருகின்றன. வங்கிகளும் காப்பீட்டுக்காரர்களும்தான் "வீட்டு எண்?" என்று கேட்டுவிட்டுப் பதிலைப் புரிந்துகொள்ளாமல் தவிப்பார்கள். அம்மாவும் போனில் முதலில் கேட்பது, "இப்ப எந்த ஊர்ல இருக்க?"

இப்போது ஸ்டோக் ப்ரூர்னுக்குக் கொஞ்சம் தெற்கே. பன்னிரண்டாம் நாள். இரண்டு பெட்டிகள் நிறைந்துவிட்டன, மூன்றாவதில் விளக்கு இன்னும் எரியவில்லை. ஊருக்கு ஏழு லாக் ஏற வேண்டும், அதற்கப்பால் 1805-இல் திறந்த ப்ளிஸ்வொர்த் சுரங்கம், இருட்டில் 2,813 மீட்டர். வானிலை அறிக்கை நாளை பிற்பகல் மழை என்கிறது. மனைவி லாக் மதகு திருகும் இரும்புக் கைப்பிடியை எடுத்துக் கதவருகே வைத்துவிட்டார். ஆறு மணிக்கு அலாரம்.