இரவு பத்து மணிக்கு மூன்று மில்லி

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., எனக்கு இருக்கிறது என்று தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்குகிற நோய் இது. வலது கண்ணில் ஆரம்பித்தது. கண்ணை அசைத்தால் வலித்தது, கரும்பலகையில் நானே எழுதிய சிவப்பு சாக்பீஸ் எழுத்து எனக்குச் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், முதுகில் நீர் எடுத்துப் பார்த்தார்கள், ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு, நோய் மறுபடி தாக்காமல் தடுக்கிற டைமெத்தில் ஃபியூமரேட் 240 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று. பெரிய தாக்குதல் எதுவும் அப்புறம் வரவில்லை. ஆனால் சோர்வு போகவில்லை. அந்தச் சோர்வுக்காக நான் இரவில் எடுக்கிற நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தச் சோர்வை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வேலை செய்து களைத்துப் போவது வேறு, இது வேறு. துவைத்த துணியைக் கொடியில் போடக் கையைத் தூக்கினால் இரண்டாவது துணிக்கு மேல் கை தூக்க வராது, ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறேன். தஞ்சாவூர் ஏப்ரல் வெயிலில் பள்ளியிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்தால் அந்த வலது கண் மறுபடி மங்கும், வீட்டுக்கு வந்து உடம்பு குளிர்ந்தால்தான் தெளியும்.

அந்தச் சமயத்தில்தான் குறைந்த அளவு நால்ட்ரெக்ஸோன் பற்றிப் படித்தேன். இது புது மருந்து இல்லை. போதை மருந்துப் பழக்கத்துக்காக 1984-இலும் குடிப்பழக்கத்துக்காக 1994-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, வழக்கமான அளவு 50 மில்லிகிராம். நியூயார்க்கில் பெர்னார்ட் பிஹாரி என்ற மருத்துவர் எண்பதுகளில் அதைப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். இரவில் சில மணி நேரம் மட்டும் அது ஓபியாய்டு ஏற்பிகளை, அதாவது மார்ஃபின் வகை மருந்துகள் போய் ஒட்டுகிற இடங்களை, அடைத்து வைக்கும், அதை ஈடுகட்ட உடம்பு தன் சொந்த வலிநிவாரணியான எண்டார்ஃபினைக் கூடுதலாகச் சுரக்கும் என்பதுதான் அதன் பின்னால் இருக்கும் கருத்து.

முதலில் பார்த்த மருத்துவர் பேரைக் கேட்டதுமே தலையைக் கூட நிமிர்த்தாமல் "அதெல்லாம் வேண்டாம்" என்றார். ஏன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன். இரண்டாவது மருத்துவர் உட்கார வைத்துப் பேசினார். 2010-இல் கலிஃபோர்னியாவில் எம்.எஸ். நோயாளிகளுக்கு 4.5 மில்லிகிராம் கொடுத்து எட்டு வாரம் பார்த்தார்கள், ஆய்வை முடித்தவர்கள் 60 பேர். மனநிலை, வலி, மறதி பற்றி நோயாளிகளே கொடுத்த மதிப்பெண்களில் முன்னேற்றம் இருந்தது, உடல் செயல்பாட்டில் இல்லை. அதே வருடம் ஈரானில் 96 பேரிடம் பார்த்ததில் குறிப்பிடும்படி வித்தியாசமே வரவில்லை. நார்வேயில் 2013-இல் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி வந்த பிறகு ஆயிரக்கணக்கானோர் இதை எடுக்க ஆரம்பித்தார்கள், ஆனால் எம்.எஸ்ஸுக்கு அவர்கள் வாங்கும் மற்ற மருந்துகள் அதனால் குறையவில்லை என்று பின்னர் கணக்குப் பார்த்தார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இது நோயைத் தடுக்கிற மருந்து இல்லை டீச்சர். ஃபியூமரேட்டை ஒரு வேளை கூட விட மாட்டேன்னா எழுதித் தர்றேன்" என்றார். கல்லீரல் சோதனை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதியும் கொடுத்தார்.

அடுத்த கஷ்டம் கடையில். எங்கள் தெரு மெடிக்கலில் சீட்டைப் பார்த்த பையன், நாலு பேர் நிற்கும்போது, "இது குடியை நிறுத்துற மாத்திரையாச்சே, சாருக்கா?" என்று கேட்டான். என் கணவர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் குடிநோய் சிகிச்சை மையம் ஒன்றின் பக்கத்துக் கடையில் எதுவும் கேட்காமல் கொடுத்தார்கள்.

கிடைப்பதோ 50 மில்லிகிராம் மாத்திரைதான், எனக்கு வேண்டியது 1.5. பிளேடால் வெட்டி இந்த அளவு எடுக்கவே முடியாது. மருத்துவமனை மருந்தாளுநர் அண்ணன்தான் செய்து காட்டினார். பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் 50 மில்லி டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு மாத்திரை. பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் கூடாது, ஊசி மருந்துக்கு விற்பதுதான் என்று இரண்டு தடவை சொன்னார். மாத்திரை அரை மணி நேரத்தில் உதிர்ந்து, அடியில் வெள்ளையாக மாவு தங்கும். அது மாத்திரையைச் சேர்த்துப் பிடிக்கிற பொருள்தான், மருந்து தண்ணீரில் கரைந்துவிடும், ஆனாலும் ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். இப்போது ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும். சிரிஞ்சில் உறிஞ்சி அப்படியே வாயில் விட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு வாரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கச் சொன்னார். பாட்டிலில் தேதி எழுதி ஒட்டிவிடுவேன். வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டி வையுங்கள், பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

முதல் வாரம் கனவு, கனவு, கனவு. இறந்துபோன அப்பா வந்து திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளினார், அந்தச் சத்தம் கூடக் கேட்டது. பத்து நாளில் அடங்கியது. இரண்டு வாரம் கழித்து 3, அதற்குப் பிறகு 4.5. நாலரையில் கால் மரக்கட்டை மாதிரி விறைத்து, தூக்கமும் போனது. மருத்துவரிடம் சொன்னேன், மூன்றுக்கே திரும்பச் சொன்னார். அதிலேயே நிற்கிறேன். என்ன மாறியது என்று கேட்டால், ஒரு பக்கெட் துணியை முழுதாகக் காயப் போடுகிறேன், நடுவில் ஒரு தடவை உட்கார்ந்து. மருந்தா, மனசா, என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வெயிலில் கண் மங்குவது அப்படியேதான் இருக்கிறது. அடுத்த எம்.ஆர்.ஐ.யில் புதுத் தழும்பு இல்லை, அதற்கான நன்றி ஃபியூமரேட்டுக்குத்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். போன ஆடியில் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது. அவசரப் பிரிவில் வலிக்கு ஊசி எடுத்து வந்தார்கள், நர்ஸ் பக்கத்தில் இருந்தவரிடம் "டிரமடால்" என்று சொன்னது காதில் விழுந்து கத்திவிட்டேன். நால்ட்ரெக்ஸோன் உடம்பில் இருக்கும்போது டிரமடால், கோடீன், மார்ஃபின் வகை எதுவும் சரியாக வேலை செய்யாது. தினமும் அந்த வகை வலி மருந்து எடுப்பவர் இதைக் குடித்தாலோ, அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தியது மாதிரி உடம்பு தூக்கிப் போட்டுவிடும். சில இருமல் சிரப்பிலும் கோடீன் உண்டு. எனக்கு பாரசிட்டமால் டிரிப்பும் வேறு ஊசியும் போட்டுக் கட்டினார்கள். அன்று முதல் நான் எடுக்கும் மருந்துகளின் பெயரை எழுதிய ஓர் அட்டையைப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் ஸ்டீராய்டு ஏற்றும் வார்டில் பார்த்த ஒரு பெண். இருபத்தாறு வயது இருக்கும். நால்ட்ரெக்ஸோன் மட்டும் போதும் என்று யாரோ சொல்ல, எம்.எஸ். ஊசியை நாலு மாதமாக நிறுத்தியிருக்கிறாள், இடது கால் இடுப்பு வரை மரத்துப் போய்ப் படுத்திருந்தாள். "அக்கா, நீங்களும் அதே மருந்துதானே சாப்பிடறீங்க?" என்று கேட்டாள். ஆமாம்மா, ஆனால் அதை மட்டும் இல்லை என்றேன். மருத்துவர் ஊசியை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். கிளம்பும்போது என் அட்டையைப் பார்த்து அவளுக்கும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் அவளுடைய ஊசியின் பெயர், இரண்டாவது வரியில் நால்ட்ரெக்ஸோன்.