அம்மாவோட கண்ணு சொட்டு மருந்தை நிப்பாட்டின அனுபவம்

எங்க அம்மா மலேசியாவுல சுங்கை சிப்புட்ல வீட்டுலயே தையல் வேலை செய்றாங்க. தாத்தா பாட்டி கித்தாக்காட்டுல (ரப்பர் தோட்டத்துல) பால் வெட்டுனவங்க, இப்ப சுத்தி எங்க பார்த்தாலும் செம்பனைதான் (எண்ணெய்ப் பனை), நாங்களும் தோட்டத்த விட்டு டவுனுக்கு வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, ஆனா பிளவுஸ் தைக்க அம்மாவ தேடி வர்றது இன்னமும் தோட்டத்து ஆளுங்கதான் அதிகம். தீபாவளி நெருங்குனா நடுராத்திரி வரைக்கும் மிஷின் ஓடும். கறுப்பு துணியில கறுப்பு நூல் போட்டு தைச்சா கண்ணு என்னத்துக்கு ஆகும், எரியும், சிவக்கும், உடனே ரெண்டு சொட்டு. இப்படியே வருஷக்கணக்கா ஓடுச்சு.

மிஷின் டிராயர்ல எப்பவும் ரெண்டு பாட்டில் இருக்கும். ஒண்ணு கடையில வாங்குற சிவப்பு போக்குற மருந்து. இன்னொண்ணு பக்கத்து வீட்டு அக்கா கண்ணு ஆப்பரேஷன் பண்ணப்ப மிச்சம்னு குடுத்தது, "நல்லா கேக்குதுடா"ன்னு அம்மா அதே மருந்த அப்புறம் எங்கயோ ஒரு கடையில வாங்கிட்டாங்க, அங்க டாக்டர் சீட்டு எதுவும் கேக்கலையாம். இத நினைச்சா எனக்கு இன்னமும் ஆத்தாமையா இருக்கு.

டவுன்ல ஒரு ஃபார்மசிக்கு ரெண்டு பாட்டிலையும் கொண்டு போனோம். அங்க இருந்த ஃபார்மசிஸ்ட் நம்ம தமிழ் பொண்ணு. "ஆன்ட்டி, இத எத்தன நாளா போடுறீங்க?" "கண்ணு செவந்தா மட்டுந்தாம்மா." "எப்பெல்லாம் செவக்குது?" "தினமும்." அந்த பொண்ணு சிரிக்கல, பெட்டிய திருப்பி சின்ன எழுத்த விரல் வச்சு காட்டுச்சு.

முதல் பாட்டில்ல இருந்தது டெட்ராஹைட்ரோசோலின். கண்ணு மேல இருக்குற ரத்தக்குழாய சுருக்கி விடும், அதான் உடனே வெள்ளையாகுது. கண்ணு களைப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மருந்து வேகம் இறங்குனதும் குழாய் முன்ன விட அதிகமா விரியும், திரும்ப சிவக்கும், திரும்ப சொட்டு, இப்படி மருந்தே சிவப்ப உண்டாக்குற நிலைமைக்கு வந்துரும். இந்த மாதிரி மருந்துக்கு 72 மணி நேரம், அதாவது மூணு நாளைக்கு மேல சிவப்பும் எரிச்சலும் இருந்தா நிப்பாட்டிட்டு டாக்டர பார்க்கணும். அப்புறம் வீட்டுல சின்ன புள்ளைங்க இருந்தா கவனம், இது வாய்க்குள்ள போனா கொஞ்சமே ஆனாலும் ரொம்ப ஆபத்து, புள்ளைக்கு மயக்கம் வந்து இதயத்துடிப்பு குறைஞ்சிரும். அக்கா மகன் அந்த டிராயர எத்தன தடவ இழுத்து விளையாடியிருப்பான்!

ரெண்டாவது பாட்டில பார்த்ததும் அந்த பொண்ணு முகமே மாறிடுச்சு. டெக்சாமெத்தசோன், ஸ்டீராய்டு. ஆப்பரேஷனுக்கு அப்புறமும் கண்ணுக்குள்ள வீக்கம் வந்தாலும் டாக்டர் கணக்கு பார்த்து குடுக்குறது, அந்த இடத்துல அருமையான மருந்துதான். அத கண்ணு எரிச்சலுக்குன்னு சொந்தமா மாசக்கணக்குல போட்டா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறலாம், புரை வரலாம், கிருமி தொத்துனா கூட சீக்கிரம் தெரியாம மறைச்சிரும். சில வாரம் தொடர்ந்து போட்டாலே ஏறத்தாழ மூணு பேர்ல ஒருத்தருக்கு ஓரளவு அழுத்தம் ஏறுமாம். வலி இருக்காது, பார்வையும் அப்போதைக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா அழுத்தத்துல உள்ள நரம்பு அடிபடும், அதான் கிளகோமா, அதுல போன பார்வை திரும்பவே திரும்பாது.

அரசாங்க கிளினிக்ல ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டர பார்த்தோம், அவரு ஈப்போ பெரியாஸ்பத்திரி கண்ணு பிரிவுக்கு கடிதம் குடுத்தாரு. போறவங்க மறக்காம பழைய பாட்டில், பெட்டி எல்லாத்தையும் எடுத்துட்டு போங்க, "ஏதோ ஒரு மருந்து"ன்னு சொன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. கூட ஒரு ஆளும் வேணும், கண்மணிய விரிய வைக்குற சொட்டு போட்டா சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலா கூசும், மோட்டார் ஓட்டவே கூடாது.

சோதனைல வலி இல்ல. மரத்துப் போக ஒரு சொட்டு, மஞ்ச சாயம் கொஞ்சம், தாடைய கட்டையில வச்சு நெத்திய முட்டுக் குடுத்து உக்காரணும், நீல வெளிச்சத்தோட ஒரு சின்ன முனை கண்ண தொட்டும் தொடாம வந்து நிக்கும். அம்மா என் கைய புடிச்சுக்கிட்டாங்க. கண்ணு அழுத்தம் பொதுவா 10லருந்து 21க்குள்ள இருக்கணும், அம்மாவுக்கு ஒரு கண்ணுல 26, இன்னொண்ணுல 24. நல்ல வேளையா நரம்பு பாதிக்கலன்னாங்க. ஸ்டீராய்ட நிப்பாட்டிட்டு சில வாரம் கழிச்சு திரும்ப பார்த்தப்ப ரெண்டும் 20க்கு கீழ இறங்கியிருச்சு, அன்னைக்குதான் எனக்கு மூச்சே வந்துச்சு. எல்லாருக்கும் இப்படி இறங்கும்னு சொல்ல முடியாதாம், அதான் வருஷா வருஷம் வர சொல்லியிருக்காங்க. ஒண்ணு முக்கியம், டாக்டரே உங்களுக்கு ஸ்டீராய்டு சொட்டு எழுதிக் குடுத்திருந்தா இத படிச்சிட்டு நீங்களா நிப்பாட்டாதீங்க, அவர கேட்டுதான் குறைக்கணும்.

சிவப்பு மருந்த விட்டதுதான் அம்மாவுக்கு ரொம்ப கஷ்டம். விட்ட கொஞ்ச நாள்ல கண்ணு முன்ன விட செக்கச்செவேல்னு ஆயிருச்சு, துணி குடுக்க வந்தவங்க எல்லாம் "என்னக்கா, கண்ணு வலியா, ஒட்டிக்குமா"ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. குளுந்த தண்ணில நனைச்ச துணிய மூடின கண்ணு மேல போட்டு படுப்பாங்க. பல்ல கடிச்சுக்கிட்டு இருந்தாங்க, அதுவா குறைஞ்சிருச்சு.

களைப்புக்கு நிஜமான காரணம் கண்ணாடி. பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) வாங்குன கண்ணாடி பவர் பத்தல, அதோட ஊசிய உத்து பாக்குறப்ப கண்ண சிமிட்டுறதே குறைஞ்சு ஈரம் காஞ்சு போகுது, போன் பாக்குறவங்களுக்கும் இதே கதைதான். இப்ப சோதிச்சு போட்ட கண்ணாடி, மிஷின் பக்கத்துல தனி விளக்கு, பாபின் மாத்துறப்ப எல்லாம் தலைய தூக்கி வாசல் மாமரத்த பாக்குறாங்க. புகைமூட்டம் வர்ற மாசத்துல மட்டும் செயற்கை கண்ணீர் சொட்டு. அதுலயும் பிரிசர்வேட்டிவ் இல்லாத சின்ன சின்ன குப்பியாத்தான் எடுக்குறோம், ஏன்னா பாட்டில் கெட்டுப்போகாம இருக்க சேர்க்குற பென்சல்கோனியம் குளோரைடு நாளைக்கு நாலு தடவைக்கு மேல பட்டா கண்ணோட மேல்தோலயே உறுத்தும்னு டாக்டர் சொன்னாரு. பாட்டிலா வாங்குறவங்க திறந்த தேதிய மேல எழுதி வைங்க, பொதுவா ஒரு மாசத்துல தூக்கி போட்டுரணும். ஒருத்தர் பாட்டில இன்னொருத்தர் போடாதீங்க.

இனி யாரு சொட்டு மருந்து வாங்கினாலும் பெட்டில மால் (MAL) நம்பர், அதாவது மலேசியாவுல மருந்து பதிவு நம்பர், இருக்கான்னு பாருங்க, நம்பர் கடைசில எக்ஸ் எழுத்து இருந்தா சீட்டு இல்லாம வாங்கலாம், ஏ இருந்தா விஷப்பட்டியல் மருந்து, டாக்டரோ ஃபார்மசிஸ்டோ சொல்லாம தொடாதீங்க. ஆனா எக்ஸ் இருந்தாலும் தினமும் போடலாம்னு அர்த்தம் இல்ல, அம்மாவோட சிவப்பு மருந்தும் எக்ஸ்தான். கண்ணுல கடுமையான வலியோட விளக்க சுத்தி வளையம் தெரிஞ்சா, வாந்தி வந்தா, சொட்டு எதையும் தேடாம நேரா எமர்ஜென்சிக்கு போயிருங்க.