பாகத்துக்கு ஒரு ஷார்ட்கட்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினால் ஆதார், பட்டா, ரயில் டிக்கெட்டோடு கடல் விவரம் கேட்டும் ஆள் வரும். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் மீன் கூடும் இடங்களைத் திசை, தூரம், ஆழம் போட்டு வெளியிடுகிறது. ஆழம் மீட்டரில் இருக்கும். "40 மீட்டர் மாமா" என்று நான் சொன்னால், "அது கெடக்கட்டும் தாயி, எத்தன பாகம்?" என்பார்கள். பாகம் என்றால் ஆறடி, கிட்டத்தட்ட 1.83 மீட்டர். ஆக 40 மீட்டர் ஏறக்குறைய 22 பாகம்.

ஒவ்வொரு தடவையும் கால்குலேட்டரைத் தட்டச் சலித்துப்போய், குரோம் பிரவுசருக்கு ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்) எழுதினேன். எண்ணைத் தேர்ந்தெடுத்து ஷார்ட்கட்டை, அதாவது இரண்டு மூன்று கீகளைச் சேர்த்து, அழுத்தினால் பாகத்தில் காட்டும். நிரல் சின்னதுதான். எந்தக் கீயை வைப்பது என்பதுதான் இழுத்தது.

நாம் அழுத்தும் கீ முதலில் விண்டோஸிடமும் தமிழ் டைப்பிங் மென்பொருளிடமும் போகிறது. அப்புறம் தனக்கென்று ஒதுக்கிவைத்த கீகளைப் பிரவுசர் எடுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு எக்ஸ்டென்ஷன், கடைசியாகத்தான் இணையப் பக்கம். மேலே இருப்பவர்களிடம் நம் ஷார்ட்கட் தோற்றால் பரவாயில்லை. வேலை செய்யவில்லை என்று உடனே தெரிந்துவிடும். ஜெயித்தால்தான் வம்பு. பக்கத்துக்குச் சொந்தமான ஷார்ட்கட் சத்தமில்லாமல் செத்துப்போகும். உட்கார்ந்திருப்பவர் அந்தப் பக்கத்தைத்தான் திட்டுவார்.

கன்ட்ரோல்+ஆல்ட் சேர்க்கையைக் குரோமே ஏற்காது. அதில் நியாயம் இருக்கிறது. விண்டோஸில் அந்த இரண்டும் சேர்ந்தால் வலப்பக்க ஆல்ட்ஜிஆர் கீக்குச் சமம். இந்திய ஆங்கில விசைப்பலகையில் அதோடு 4 அழுத்தினால் ₹ வரும். ஏலக் கணக்கு அடிப்பவரிடம் ரூபாய்க் குறியைப் பிடுங்கிவிட்டுப் பாகம் சொல்லி என்ன பயன்?

ஆல்ட்+எண் எங்கள் ஊர்க் கடைகளில் ஆகாது. என்ஹெச்எம் ரைட்டர் என்ற தமிழ் டைப்பிங் மென்பொருளில் தமிழுக்கு மாறுவதே அப்படித்தான். ஆல்ட்+எஃப் குரோமின் மெனுவைத் திறக்கும், ஆல்ட்+டி (D) முகவரிப் பட்டைக்குப் போகும். ஆல்ட்+ஷிஃப்ட்+எழுத்து காலியாக இருக்கும் என்று பார்த்தால், விக்கிப்பீடியா முக்கால்வாசி எழுத்துகளை எடுத்து வைத்திருக்கிறது: தேட எஃப், தொகுக்க ஈ, சேமிக்க எஸ். போதாக்குறைக்கு, பல கணினிகளில் ஆல்ட்+ஷிஃப்ட்டை மட்டும் அழுத்தி விட்டால் மொழியே மாறிவிடும். எழுத்தை அழுத்தாமல் விரல் நழுவினால் அடுத்த வரி வேறு மொழியில் போகும்.

கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எழுத்திலும் கூட்டம்தான். என் (N) மறைநிலைச் சாளரம், டி (T) மூடிய டேப்பைத் திரும்பத் திறக்க, ஐ (I) டெவலப்பர் கருவி. எல் காலி மாதிரி தெரியும், ஆனால் கூகுள் டாக்ஸில் இடப்பக்கம் ஒழுங்குபடுத்துவது அது.

சரி, கன்ட்ரோல்+ஷிஃப்ட்டோடு எண்களாவது மிஞ்சுமா? பூஜ்ஜியத்தைச் சில கணினிகளில் விண்டோஸே மொழி மாற்றத்துக்கு விழுங்கிவிடுகிறது. 7, 8, 9 ஜிமெயிலில் பட்டியலுக்கும் மேற்கோளுக்கும். 3, 4, 5 மேக்கில் ஸ்கிரீன்ஷாட். எக்ஸ்டென்ஷனில் நாம் கன்ட்ரோல் என்று எழுதினால் மேக்கில் அது தானாகவே கமாண்ட் ஆகிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மிச்சம் 1, 2, 6. அவையும் கூகுள் ஷீட்ஸில் எண் வடிவங்களுக்கு.

முழுக்கக் காலியான கீ கிடைக்காது. அதனால் யாரிடமிருந்து எடுத்தால் அவருக்கு வலிக்காது என்று பார்ப்பதுதான் வழி. ஷீட்ஸில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+6 அடுக்குக்குறி வடிவம். பத்தின் அடுக்கில் மீன் கணக்கு எழுதுபவரை மண்டபத்தில் நான் பார்த்ததில்லை. அதையே வைத்துக்கொண்டேன். ஆறடி ஒரு பாகம் என்பதால் நினைவிலும் நிற்கிறது. கடையில் டைப் செய்யும் தங்கச்சிக்கு இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு சங்கதி. வேறு எக்ஸ்டென்ஷன் அதே கீயை முன்பே வைத்திருந்தால் குரோம் நமக்குத் தராது. படகுத் துறையில் முதலில் கயிறு கட்டிய படகுக்குத்தான் இடம் என்பது மாதிரி. எச்சரிக்கைகூட வராது, ஷார்ட்கட் வெறுமையாகவே கிடக்கும். நிறுவியதும், ஷார்ட்கட் கிடைத்ததா என்று குரோமிடமே கேட்கும் கட்டளையை (கமாண்ட்ஸ் ஏபிஐ-யில் கெட்ஆல்) நிரலில் போட்டுப் பார்த்து, வெறுமையாக இருந்தால் எக்ஸ்டென்ஷன் பக்கத்தின் ஷார்ட்கட் பகுதியில் வேறொன்று வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி காட்டுகிறேன். ஃபயர்பாக்ஸிலும் ஆட்-ஆன் பக்கத்துப் பல்சக்கர மெனுவில் இதே வசதி உண்டு. வேண்டாதவர் ஷார்ட்கட்டைத் தொடவே வேண்டாம், ஐகானைக் கிளிக் செய்தாலும் பாகம் வரும்.