நகரும் படியில் சித்தி

"கண்ணு, படி நகருது, எனக்குக் காலே நகர மாட்டேங்குது!"

வீடியோ காலில் சித்தி. கோயம்புத்தூரில் ஒரு மாலில் எஸ்கலேட்டர் முன்னால் நிற்கிறார். இங்கே மும்பை மாட்டுங்காவில் என் இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது.

ஒரு கையில் சேலைக் கொசுவம், இன்னொரு கையில் போன். பின்னால் நாலைந்து பேர். பள்ளிச் சீருடையில் ஒரு பெண், "வலது காலை எடுத்து வைங்க பாட்டி" என்கிறாள், புது மருமகளை வீட்டுக்குள் அழைப்பதுபோல. சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். செருப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் பின்னாலேயே ஏறினாள்.

அந்த ஊரில் புரூக்ஃபீல்ட்ஸ் மால் திறந்தது 2009ல். இத்தனை வருஷமாக ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"நம்மளையெல்லாம் உள்ளே விடுவாங்களான்னு ஒரு சந்தேகம் கண்ணு."

சிரிப்பு வரவில்லை. 1999ல் மும்பையில் கிராஸ்ரோட்ஸ் மால் திறந்த புதிதில், கிரெடிட் கார்டோ செல்போனோ இல்லாதவர்கள் கட்டணம் கட்டித்தான் உள்ளே போக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். செல்போன்! இன்று சித்தி கையில் இருப்பது அதுதான்.

சரி, என்ன வாங்கினீர்கள் என்றேன்.

"வாங்கறதுக்கு ஒப்பணக்கார வீதி இருக்குதில்ல? இங்க சும்மா குளுகுளுன்னு உக்காந்திருக்கேன். நீ போனை வை."