பூட்டை உடைத்தார்கள் என்று எழுதாததற்கு ஒரு வீண் அலைச்சல்

கோத்தகிரிப் பக்கம் பூட்டிப் போட்ட வீடு. போனது இன்வெர்ட்டர் பேட்டரி, தண்ணி மோட்டார், ஒரு பித்தளை அண்டா. ஸ்டேஷனில் முதல் கேள்வியே "கரடி உடைச்சதா, ஆள் உடைச்சதா சார்?" கேலி இல்லை, எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் கரடி கதவைப் பிய்க்கிற ஊர் இது. ஆனால் கரடி வந்தால் மரத்தில் நகக்கீறல் இருக்கும், டப்பா நசுங்கிக் கிடக்கும். ஆக்ஸா பிளேடால் கொண்டியை அறுக்காது. எதையும் தொடுமுன் அந்த அறுபட்ட இடத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள்.

மனுவில் "பொருட்கள் திருடு போயின" என்று மொட்டையாக எழுதியதுதான் பிசகு. ரைட்டர் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து, "14 நாள் விசாரிச்சுட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம் சார்" என்று அனுப்பிவிட்டார். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான சீட்டு, அவ்வளவே. இன்ஷூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும்.

அந்த 14 நாள் பி.என்.எஸ்.எஸ். (போலீஸ், கோர்ட் நடைமுறைச் சட்டம்) 173(3)-இல் இருக்கிறது. 3 வருஷம் முதல் 7 வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், அதுவும் டி.எஸ்.பி. அனுமதியோடு. வெறும் திருட்டு (பி.என்.எஸ்., அதாவது தண்டனைச் சட்டம், 303) 3 வருஷம் வரை என்பதால் அதில் மாட்டும். குடியிருக்கும் வீட்டில் திருட்டு (305) 7 வருஷம் வரை. ராத்திரியில் உடைத்துப் புகுந்து திருடினால், 331(4), 14 வருஷம் வரை. இவற்றுக்கு அந்தச் சாக்கு செல்லாது.

மறுபடி போய் "இரவில், குடியிருப்பு வீட்டின் கொண்டி அறுக்கப்பட்டு" என்று எழுதி, சாயங்காலம் பூட்டு நன்றாக இருந்ததைப் பக்கத்து வீட்டம்மா பார்த்ததையும் சேர்த்ததும் அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் காசு கிடையாது. அப்போதும் மறுத்தால் 173(4)-ன்படி ஊட்டி எஸ்.பி.க்குப் பதிவுத் தபால்.

இன்ஷூரன்ஸ் கதை சுருக்கம்: வீடு 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் பல பாலிசிகள் கைவிரிக்கும். சீசனுக்கு மட்டும் மலையேறுகிறவர்கள் அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

பிறகு மேட்டுப்பாளையத்துக் காயலான் கடையில் மோட்டாரும் அண்டாவும் பிடிபட்டன. பொருள் கோர்ட்டுக்குப் போய்விடும். பி.என்.எஸ்.எஸ். 497-இல் மனுப் போட்டு, பாண்டு எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். மோட்டாரின் சீரியல் நம்பர் மனுவில் இல்லை, பில்லும் இல்லை, இன்னும் இழுக்கிறது. அண்டா வீடு வந்துவிட்டது. கல்யாணச் சீரில் வந்தது, விளிம்பில் பாட்டி பேர் வெட்டியிருந்தது.