பாதையில் போகும் சேலை

நாளைக்கு எந்தச் சேலை என்று இரவே எடுத்து வைக்கிற பழக்கம், மட்டக்களப்பு மாவட்டத்தில் மண்டூர்ப் பக்கம் ஆசிரியை நியமனம் கிடைத்த பிறகு வந்தது. வீடு களுவாஞ்சிக்குடியில். விடியவே குருமண்வெளித் துறைக்குப் போய், ஸ்கூட்டியைப் பாதையில் ஏற்றி வாவியைக் கடக்க வேண்டும். ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடத்தும் படகைத்தான் நாங்கள் பாதை என்போம்.

மாரியில் அந்த வாவிக் காற்று முந்தானையைப் பிடித்து இழுக்கும். பருத்தி நனைந்தால் பள்ளி விடும்வரை ஈரம் போகாது. அதனால் கார்த்திகை, மார்கழியில் சட்டென்று காயும் ஜோர்ஜெட்தான். வெயில் தொடங்கியதும் மருதமுனைக் கைத்தறி. கஞ்சி போட்டு மடித்தால் மத்தியானம் வரை கொசுவம் குலையாது, உடம்புக்கும் குளிர்ச்சி.

நிறமும் விலையும் வேறு கணக்கு. வந்த புதிதில் பெற்றார் கூட்டத்துக்குப் பட்டுச்சேலை உடுத்திப் போனேன். மூத்த டீச்சர் ஒருவர் தனியே கூப்பிட்டார். "மகள், வயல் வேலைய உட்டுட்டு வாற தாய்மார் இதப் பார்த்தா உங்களோட கதைக்கக் கூச்சப்படுவாங்க." அன்று இரண்டு தாய்மார் கதவடியிலேயே நின்றது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்புறம் பட்டு கோயிலுக்கும் கலியாணத்துக்கும் மட்டும்.

2022 நவம்பரில் இலங்கையின் சில பாடசாலைகளுக்கு ஆசிரியைகள் சேலை இல்லாமல் வேறு உடையில் போனார்கள். சேலைதான் என்று கல்வி அமைச்சு சொன்னது. எனக்குச் சேலை விருப்பம். ஆனாலும் ஸ்கூட்டிச் சில்லில் முந்தானை சிக்கி என் கண்முன்னே விழுந்த சக ஆசிரியையை நினைத்தால், அவரவர் வசதிக்கு விடலாம் என்றுதான் சொல்வேன். ஒழுங்காக உடுக்கத் தெரியாதவர்களா நாங்கள்?

என்னுடையது முதலாம் தரம். பாதி நேரம் பாயில் பிள்ளைகளோடுதான் இருப்பேன். போன மாதம் ஒரு கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள் என் முந்தானைக் கரையில் உள்ள மயில்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பலகையில் எழுதினால் வாயே திறக்காத பிள்ளை. ஏழு மட்டும் வந்து, எட்டாவது மயிலில் விரலை வைத்தபடி என் முகத்தைப் பார்த்தாள்.

"எட்டு" என்றேன். "எட்டு" என்றாள்.

அந்தக் கரை நிறைய மயில்தான். நாளைக்கும் அதையே எடுத்து வைத்திருக்கிறேன்.